கொப்பியோடு போங்கள்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன், இப்போது கொழும்பில் கணக்காளர். பதினெட்டு வயதில் எங்கள் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் வடமோடிக் கூத்துப் பழகினேன். அபிமன்னன் வேசத்துக்குச் சட்டம், அதாவது அந்த வேசத்துக்கான பாட்டும் வசனமும், தந்தார். சதங்கை அணிந்து, அரங்கேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவரிடம் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். பதினாறு வருசமாக அவர் முகத்தில் முழிக்கவில்லை. அவருக்குப் புற்றுநோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று போன கிழமை அம்மா சொன்னா. எந்த முகத்தோடு போவது? காலை ஏழுக்குப் போய் இரவு எட்டுக்கு வந்து, சனி ஞாயிறும் வேறு கம்பனிகளுக்குக் கணக்குப் பார்த்து நான் எதைச் சேர்த்தேன் என்று இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா? அந்தச் சட்டக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் இந்த வெள்ளி இரவு பஸ்ஸுக்குச் சீட் போட்டுவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

எனக்கும் ஒரு வாத்தியார் இருந்தார். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்துக்கு நடுவே வீடு. நான் எழுதிய முதல் கதையைப் பச்சைப் பேனையால் திருத்தி, கடைசிப் பக்கத்தில் "மறுகா எழுது", திரும்பவும் எழுது, என்று மட்டும் எழுதித் தந்தவர். கல்முனைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பஸ் அவர் ஒழுங்கையைத் தாண்டித்தான் போகும். வரும்போது இறங்குவோம் என்று நினைப்பேன், வரும்போது இருட்டிவிடும், அல்லது கையில் சாமான் இருக்கும். பதினொரு வருசம் அப்படியே போனது. அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் இறங்கினேன்.

போகும்போது சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன், பஸ்ஸிலேயே வசனம் வசனமாகச் சேர்த்து. அவர் என்னைப் பார்த்தார், யாரென்று தெரிந்துகொண்டார், "கொடிக்குத் தண்ணி ஊத்தினாங்களா எண்டு பாத்திட்டு வா" என்றார். போய்ப் பார்த்தேன். ஊற்றவில்லை. கிணற்றில் அள்ளி நானே ஊற்றினேன், உள்ளே வந்தபோது சேர்ட் முழுக்க ஈரம், அவர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த இரண்டு நாள் பின்னேரமும் போய் ஊற்றினேன். சேர்த்து வைத்திருந்த வசனத்தில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை, அதற்கு அங்கே இடமே வரவில்லை. நான்காம் நாள் வேலைக்குத் திரும்பி வந்தேன். அவர் போன செய்தி அந்தக் கிழமையே வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், மன்னிப்பைத் தலையில் சுமந்துகொண்டு போகாதீர்கள். ஒரு தடவை "அண்டைக்குச் சொல்லாமப் போயிட்டன் அண்ணாவியார்" என்று சொல்லுங்கள், அது போதும். அழுது ஆற்றாமை கொட்டினால் அந்த மனுசன் இருக்கிற கொஞ்ச மூச்சையும் உங்களைத் தேற்றவே செலவழிக்க வேண்டி வரும். நீங்கள் ஓடிப்போனதை அவர் மறந்திருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். மாதக்கணக்காகப் பொடியன்களை இரவிரவாக ஆட்டம் பழக்கி, வட்டமாகக் கட்டிய கூத்து மேடையான வட்டக்களரி நடுவில் மத்தளத்தோடு விடிய விடிய நிற்கிற ஒருவருக்கு, நெஞ்சில் வைத்திருந்த அபிமன்னன் இல்லாமல் போனது சின்ன விசயமில்லை. ஆனால் அந்த வயது அண்ணாவிமார் சண்டைக் காலத்தையும் களரியில் கடந்து வந்தவர்கள். சட்டம் வாங்கிப் போன பொடியன் அரங்கேற்றத்துக்குள் காணாமல் போய், வரவே வராமல் போனதை எல்லாம் கண்டவர்கள். உங்களை உயிரோடு வாசலில் கண்டால் அவருக்கு என்ன தோன்றும் என்று அதையும் வைத்து யோசியுங்கள்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு அடியில் இருந்தது ஊர் அண்ணாவிமாரின் கையும் தொண்டையும்தான். அவர்கள் படித்துக்காட்டிய தரு, அந்தக் கூத்துப் பாட்டு, எப்படி நின்று எப்படித் திரும்பும் என்பது எந்தக் கொப்பியிலும் முழுதாக இல்லை. உங்கள் கொப்பியிலும் இருக்காது, சொல் மட்டும்தான் இருக்கும்.

வேலையை விடுவது பற்றி: இப்போது முடிவெடுக்காதீர்கள். சாவு வீட்டு வாசலில் நின்று எடுக்கிற முடிவை ஆறு மாதம் கழித்து வீட்டில் உள்ளவர்கள்தான் சுமக்க வேண்டும். ஆனால் அந்தச் சனி ஞாயிறுக் கணக்கு, அது உண்மையாகவே தேவையா? கடன் இருந்தால் சரி, செய்யுங்கள். பழக்கத்தில் செய்கிறீர்கள் என்றால் இந்த மாதமே விடுங்கள். வாத்தியார் போன பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினேன், மாலை மரியாதை எல்லாம் அங்கேதான் கிடைத்தது, விடக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் காலை நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாராவது ஒரு வயதானவர் வீட்டுக்குப் போகிறேன். இதைவிடப் பெரிதாக என் வாழ்க்கையில் எதையும் நான் மாற்றவில்லை.

சனி விடியவே மட்டக்களப்பில் இறங்கிவிடுவீர்கள். வலையிறவுப் பாலத்தால் நேரே போங்கள், வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு ஆறுதலாகப் போவோம் என்று இருக்க வேண்டாம். இப்படியான நோயாளிகள் பலருக்குக் காலையில்தான் கொஞ்சம் தெம்பு இருக்கும், பின்னேரமானால் கதைக்க ஒண்ணாமல் போகலாம். கனநேரம் இருக்காதீர்கள், அரை மணி இருந்துவிட்டு எழும்பி, ஞாயிறு காலை மறுபடி போங்கள். போனை வெளியே எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். கட்டில் பக்கத்தில் இருந்து கொப்பியைத் திறந்து அபிமன்னன் களரிக்கு வரும்போது படிக்கிற வரவுப் பாட்டை மெதுவாகப் படியுங்கள். அவர் பேசாவிட்டாலும் கட்டில் விளிம்பில் பெருவிரல் தாளம் போடுகிறதா என்று பாருங்கள். எங்காவது பிழைத்தால் திருத்துவார். ஒரு பென்சிலும் கொண்டு போங்கள், அவர் சொல்லும்போது தேடி ஓடாமல் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.