பூலுக்குத் திரும்பாத கனெக்ஷன்கள்: கேள்வி-பதில்

இந்த முறை ஒரே நோயைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். டேட்டா இன்டக்ரேஷன் ஜாப்களில் (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை ஏற்றும் வேலைகளில்) கனெக்ஷன் தீர்ந்துபோவது, அதற்குக் காரணமான லீக்கைத் தேடிப் பிடிப்பது. பூல் என்பது டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துக் கேட்பவருக்குக் கடன் கொடுக்கும் தொகுப்பு. வாங்கிய கனெக்ஷன் அதற்குத் திரும்பாமல் போவதுதான் லீக்.

கேள்வி: இரவு லோடு ஜாப் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு "கனெக்ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்டில் டைம்-அவுட்" என்று ஹிகாரி பூல் (ஜாவாவுக்கான கனெக்ஷன் பூல் நூலகம்) பிழை காட்டும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். பூல் அளவை 10-லிருந்து 50 ஆக்கினோம். இப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. இப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். லீக் இருக்கிறது என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். பூலை ஐந்து மடங்கு ஆக்கினீர்கள், விழும் நாளும் ஐந்து மடங்கு தள்ளிப்போனது. வெறும் சுமையால் திணறும் பூல் உச்ச நேரத்தில் திணறும், சுமை இறங்கியதும் தானே தெளியும். ரீஸ்டார்ட் வரை காத்திருக்காது.

டைம்-அவுட் பிழையோடு வரும் ஸ்டாக் ட்ரேஸை (கோடின் எந்த வரிகள் வழியாக ஓட்டம் அங்கே வந்தது என்ற பட்டியலை) நம்பி நாள் கணக்கில் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ட்ரேஸ் காட்டுவது கனெக்ஷன் கிடைக்காமல் நின்றவரைத்தான். வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராதவர் வேறு எங்கோ இருக்கிறார். அவரைக் காட்டத்தான் ஹிகாரியில் "லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்ட்" இருக்கிறது. இயல்பில் அது 0, அதாவது அணைந்திருக்கும். குறைந்தபட்சம் 2000 மில்லிசெகண்ட் கொடுக்க வேண்டும். உங்கள் ஜாப்பில் ஒரு படி நியாயமாகவே நான்கு நிமிடம் கனெக்ஷனைப் பிடித்து வைத்திருக்கும் என்றால் ஐந்து நிமிடம் வையுங்கள். அதைத் தாண்டினால், கனெக்ஷன் எந்த வரியில் வாங்கப்பட்டது என்ற ட்ரேஸ் லாக்கில் விழும். பிறகு அதே கனெக்ஷன் திரும்பி வந்துவிட்டால் "அன்லீக்ட்" என்று இன்னொரு வரியும் வரும். அப்படி வந்தால் அது லீக் இல்லை, மெதுவான வேலை. இந்த அமைப்பு தகவல் மட்டும்தான் சொல்லும், கனெக்ஷனை மூடாது.

கேள்வி: டேட்டாபேஸ் பக்கம் எதைப் பார்க்க வேண்டும்? எங்களுடையது போஸ்ட்கிரெஸ்.

ரீஸ்டார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியை (இப்போது திறந்திருக்கும் கனெக்ஷன்களைப் போஸ்ட்கிரெஸ் காட்டும் பட்டியலை) எடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் தடயம் முழுவதும் போய்விடும். த்ரெட் டம்ப்பும் (ஆப்பின் ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு) ஒன்று எடுத்துவிடுங்கள்.

பூல் வைத்திருக்கும் ஆப்பில் "ஐடில்" என்ற நிலை சாதாரணமானது. பூலில் ஓய்வாக இருக்கும் கனெக்ஷனும் ஐடில்தான், லீக் ஆனதும் பெரும்பாலும் ஐடில்தான். வித்தியாசம் வயதில் தெரியும். இயல்பான அமைப்பில் ஹிகாரி ஒரு கனெக்ஷனை 30 நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காது, மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும். ஆனால் யாரோ கையில் வைத்திருக்கும் கனெக்ஷனை அது தொடாது, திரும்பி வரும்வரை காத்திருக்கும். ஆகவே பேக்கெண்ட்_ஸ்டார்ட் (கனெக்ஷன் திறந்த நேரம்) பல மணி நேரம் பழையதாகவும், ஸ்டேட்_சேஞ்ச் (நிலை கடைசியாக மாறிய நேரம்) வெகுநேரமாக அசையாமலும், நிலை ஐடிலாகவும் இருந்தால் சந்தேகம் அங்கேதான். பக்கத்துப் பத்தியில் கடைசியாக ஓடிய குவரி இருக்கும். கோடில் எங்கே தேடுவது என்று அதுவே சொல்லிவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் அதிகாலை மூன்று மணிக்கு இந்தப் பட்டியலைத் திறந்தேன். பதினேழு வரிகள், எல்லாவற்றிலும் ஒரே லுக்-அப் குவரி (இன்னொரு டேபிளில் ஒரு மதிப்பைத் தேடி எடுப்பது). அடுத்த திரையில் நிராகரிக்கப்பட்ட கோப்புகளின் ஃபோல்டரைத் திறந்தேன். அதிலும் பதினேழு கோப்புகள். கோடை ஒரு வரிகூடப் படிக்காமலே, கெட்ட கோப்பு வரும்போதெல்லாம் ஒரு கனெக்ஷன் போகிறது என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பிழை எண்ணிக்கையையும் லீக் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் என் முதல் வேலை.

இன்னொன்று: ஒவ்வொரு ஜாப்பும் கனெக்ட் ஆகும்போது அப்ளிகேஷன்_நேம் என்ற அமைப்பில் தன் பெயரைக் கொடுக்கட்டும். ஐந்து ஜாப்கள் ஒரே யூசரில் ஓடும்போது இந்தச் சின்ன வேலை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: எல்லா இடத்திலும் க்ளோஸ் எழுதியிருக்கிறோம், இரண்டு பேர் சரிபார்த்தோம். பிறகு எப்படி லீக் ஆகும்?

க்ளோஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எல்லா வழியிலும் ஓட்டம் அந்த வரிக்கு வந்து சேருகிறதா என்று பாருங்கள். கனெக்ஷன் வாங்குகிறீர்கள், லூப்பில் வரிகளை ஏற்றுகிறீர்கள், 412-வது வரியில் தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. எக்ஸெப்ஷன் கிளம்பி நேராக மேலே போகிறது, மேலே உள்ள ஃப்ரேம்வொர்க் அதைப் பிடித்து கோப்பை நிராகரித்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போகிறது. கடைசி வரியில் இருந்த க்ளோஸ் ஓடவே இல்லை. நடுவில் "கோப்பு காலி, திரும்பிப் போ" என்று ஒரு ரிட்டர்ன் இருந்தாலும் இதே கதிதான்.

ஃபைனலியில் (பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஜாவா பகுதியில்) போட்டாலும் ஒரு பொறி உண்டு. அங்கே முதலில் ரிசல்ட்செட்டையும் ஸ்டேட்மென்டையும் மூடி, பிறகு கனெக்ஷனை மூடுவார்கள். முதல் க்ளோஸே எக்ஸெப்ஷன் வீசினால் கனெக்ஷன் வரை ஓட்டம் போகாது. ஜாவா 7-இல் 2011-ஆம் ஆண்டே வந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ் இதைச் சரியாகக் கையாளும். திறந்த வரிசைக்கு எதிர் வரிசையில், ஒன்று தடுக்கினாலும் மற்றவற்றை மூடிவிடும். கையால் எழுதிய ஃபைனலிகளை எல்லாம் இதற்கு மாற்றுங்கள்.

மறைந்து நிற்கும் இன்னொரு வழி ஸ்ட்ரீம், அதாவது முடிவுகளை வரி வரியாகத் தரும் ஓட்டம். ஸ்ப்ரிங் ஜேடிபிசி டெம்ப்ளேட்டின் "குவரி ஃபார் ஸ்ட்ரீம்" தரும் ஸ்ட்ரீமை நீங்கள்தான் மூட வேண்டும். கடைசி வரை படித்துவிட்டால் தானே மூடிக்கொள்ளும் என்று நினைப்பது தவறு.

கேள்வி: பைத்தானில் போஸ்ட்கிரெஸ்ஸோடு பேச சைகோபிஜி2 நூலகத்தைப் பயன்படுத்துகிறோம். "வித்" பிளாக்குக்குள்தான் எல்லாம் இருக்கிறது. அப்படியும் கனெக்ஷன் சேர்ந்துகொண்டே போகிறது.

சைகோபிஜி2-இல் கனெக்ஷன் மேல் "வித்" போட்டால் முடிவில் கமிட் (மாற்றங்கள் உறுதியாவது) அல்லது ரோல்பேக் (அவை திரும்பப் பெறப்படுவது) ஆகும், அவ்வளவுதான். கனெக்ஷன் திறந்தே இருக்கும். பைத்தானின் கான்டெக்ஸ்ட்லிப்பில் உள்ள க்ளோசிங் (பிளாக் முடிந்ததும் க்ளோஸை அழைப்பது) கொண்டு வெளியே இன்னொரு "வித்" போடுங்கள். சைகோபிஜி 3-இல் இந்த நடத்தையை மாற்றிவிட்டார்கள், பிளாக் முடிந்ததும் கனெக்ஷன் மூடப்படும்.

கேள்வி: 10 த்ரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைகள்), பூலில் 10 கனெக்ஷன். சில நாள் தொடங்கிய சில நொடிகளிலேயே மொத்தமும் உறைந்து நிற்கிறது. லீக் ட்ரேஸ்களைத் தேடிப் போனால் கோடில் தப்பே இல்லை.

இது லீக் இல்லை. ஒவ்வொரு த்ரெட்டும் படிக்க ஒரு கனெக்ஷனை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதவோ லுக்-அப்புக்கோ இரண்டாவதைக் கேட்கிறதா பாருங்கள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் முதலாவதை எடுத்துவிட்டால் பத்துப் பேருக்கும் இரண்டாவது கிடைக்காது, யாரும் கையில் இருப்பதை விடவும் மாட்டார்கள். இந்த முட்டுக்கட்டை வராமலிருக்கத் தேவையான குறைந்தபட்சம்: த்ரெட் எண்ணிக்கையை, ஒருவருக்குத் தேவையான கனெக்ஷனில் ஒன்று குறைத்துப் பெருக்கி, ஒன்று கூட்டுங்கள். உங்களுக்கு 11. இதைவிட நல்லது படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனிப் பூல்.

கேள்வி: ஸ்டேஜிங் டேபிளை (தரவைத் தற்காலிகமாக இறக்கி வைக்கும் டேபிளை) ட்ரன்கேட் செய்யும், அதாவது முழுவதும் காலியாக்கும், படி மணிக்கணக்கில் தொங்குகிறது. இதற்கும் லீக்குக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆட்டோ-கமிட் (ஒவ்வொரு கட்டளையும் தானே கமிட் ஆவது) அணைந்த கனெக்ஷன் ஒன்று அந்த டேபிளில் வெறும் ஸெலக்ட் செய்துவிட்டு, கமிட் ஆகாமல் லீக் ஆகியிருக்கும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பட்டியலில் அதன் நிலை "ஐடில் இன் டிரான்சாக்ஷன்". ஸெலக்ட் எடுத்த லேசான லாக்கே போதும், ட்ரன்கேட் கேட்கும் முழு லாக் கிடைக்காது. இதோடு முடிவதில்லை, காத்திருக்கும் ட்ரன்கேட்டுக்குப் பின்னால் புதிதாக வரும் ஸெலக்ட்டுகளும் வரிசையில் நிற்கும். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் ஃபங்ஷனில் தொங்கும் செஷனின் எண்ணைக் கொடுத்தால் யார் தடுக்கிறார் என்று வந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் ஐடில்-இன்-டிரான்சாக்ஷன் செஷன் டைம்-அவுட் இருக்கிறது; இந்த நிலையில் குறித்த நேரத்துக்கு மேல் நிற்கும் செஷனை அது மூடிவிடும். இன்டக்ரேஷன் யூசருக்கு மட்டும் அதை வையுங்கள். இது பாதுகாப்பு வலை, லீக்கைத் திருத்துவதற்கு மாற்று இல்லை.

கேள்வி: டேட்டாபேஸ் "டூ மெனி கிளையண்ட்ஸ்" (கனெக்ஷன்கள் வரம்பைத் தாண்டிவிட்டன) என்கிறது, ஆனால் எந்தப் பூலும் நிரம்பவில்லை.

பெருக்கிப் பாருங்கள். ஆப்பின் பிரதிகள் ஆறு கன்டெய்னரில் ஓடி, ஒவ்வொன்றின் பூலிலும் 20 கனெக்ஷன் என்றால் மொத்தம் 120. போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பு வரம்பு 100, மைஎஸ்க்யூஎல்லுக்கு 151.

கேள்வி: திருத்திவிட்டோம். இனி வராது என்று எப்படி உறுதி செய்வது?

பத்து நாள் காத்திருக்க வேண்டாம். டெஸ்ட் சூழலில் பூல் அளவை 2 ஆக்கி, காத்திருப்பு நேரத்தை 2 நொடியாகக் குறைத்து, ஜாப்பை ஒற்றை த்ரெட்டில் ஓடவிட்டு, வேண்டுமென்றே கெடுத்த மூன்று கோப்புகளைக் கொடுங்கள்: ஒன்றில் தேதி தவறு, ஒன்று காலி, ஒன்று பாதியில் வெட்டப்பட்டது. நான்காவதாக ஒரு நல்ல கோப்பு. முதல் மூன்றில் இரண்டு கசிந்தாலே நல்ல கோப்பு உடனே டைம்-அவுட் ஆகிவிடும். ஒன்று மட்டும் கசிந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஆகவே ஒவ்வொரு கோப்புக்குப் பிறகும் ஹிகாரியின் ஆக்டிவ் கனெக்ஷன் எண்ணிக்கை 0 ஆகிறதா என்றும் டெஸ்ட்டிலேயே சரிபாருங்கள். ஆகவில்லையென்றால் பில்டு (கோடைத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) அங்கேயே நிற்கட்டும்.