குட்டியின் வாய்ப்புண், விரலில் கொப்புளம்

கேள்வி: வாயெல்லாம் பொருக்குத் தட்டிய ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தேன். ஐந்தாம் நாள் என் கட்டைவிரலில் கொப்புளம். அம்மை என்கிறார் அத்தை. பயமாயிருக்கிறது டாக்டர்.
- வாசகி, தொண்டி

பதில்: பயப்படாதே தாயி. அறிகுறியெல்லாம் ஆட்டிலிருந்து தொற்றும் 'ஆர்ஃப்' போலிருக்கிறது. பெரியம்மை வைரஸுக்குத் தூரத்து உறவு; சின்னம்மை வேறு குடும்பம். கால்நடை மருத்துவனாகத் திருப்புல்லாணிப் பக்கம் குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்து நானும் வாங்கியிருக்கிறேன். நடுவே சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம், அதற்கு வெளியே மறுபடி சிவப்பு. ஆறு வாரத்தில் தானே ஆறியது. டாக்டரிடம் காட்டும்போது ஆடு வளர்ப்பதை முதலில் சொல்லிவிடு. இல்லையென்றால் சீழ்க்கட்டி என்று கீறிவிடுவார்கள். உதிர்ந்த பொருக்கில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் தாங்கும். கொட்டிலைக் கூட்டும்போது கையுறை போட்டுக்கொள், தாயி.