பாதியில் நின்ற கலங்கள்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகளாகியும் குழந்தையில்லை. அவன் மனைவியைக் கண்டி வரை கூட்டிச்சென்று சோதித்தோம். கதிர்காமத்துக்கும் நேர்த்தி வைத்தோம். போன மாதம்தான் தம்பியைச் சோதித்தார்கள். விந்தில் உயிரணு இல்லையாம். விந்து உண்டாகும் விதையில், நிறமூர்த்த எண்ணிக்கையை அரைவாசியாக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவு பாதியில் நிற்கிறதாம். விற்றமின் ஏ அதைத் தொடக்கிவைக்கும் என்று படித்தேன். குளிசை கொடுக்கலாமா?

வாசகி, ஹட்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்க வேண்டாம். விற்றமின் ஏயிலிருந்து உண்டாகும் ரெற்றினோயிக் அமிலம் ஸ்ட்ரா8 என்ற பரம்பரையலகைத் தூண்டி ஒடுக்கற்பிரிவைத் தொடக்குவது உண்மைதான். தம்பியின் கலங்களோ தொடங்கிய பிறகு நின்றவை. அளவுமீறிய விற்றமின் ஏ ஈரலைக் கெடுக்கும்.

ஒரு விந்துப் பரிசோதனைக்கு ஏழு ஆண்டுகளா? அந்தப் பெண்ணை ஊர் ஊராக இழுத்தபோது உங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையா? நேர்த்திக்கடனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒடுக்கற்பிரிவைப் பற்றிச் சில நாட்களாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தின் பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி போல இன்னொன்று இராது. பறித்த கொழுந்து கிலோக் கணக்குக்கு எட்டாது என்று என் அம்மா முணுமுணுப்பார். தண்டு வெட்டி நட்ட வீ.பீ. மலையில் எல்லாம் ஒரே செடி, ஏனெனில் தண்டு ஒடுக்கற்பிரிவைக் கடந்து வருவதில்லை. விதைக்குள் வரும் அந்த வேற்றுமைக்காகக் கலம் ஆபத்தான காரியம் ஒன்றைச் செய்கிறது. ஸ்பொ11 என்ற புரதம் கலத்தின் சொந்த டீ.என்.ஏ.யையே நூற்றுக்கணக்கான இடங்களில் வெட்டுகிறது, டீ.எம்.சி.1 போன்ற புரதங்கள் வெட்டுண்ட முனைகளைச் சோடி நிறமூர்த்தத்திடம் கொண்டுசேர்க்கின்றன. மனித ஆணில் ஏறத்தாழ 50 இடங்களில், சோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்குப்பரிமாற்றம் நிலைக்கிறது. ஒரு சோடி சேராவிட்டாலும், வெட்டு ஆறாவிட்டாலும், கலம் தடுத்து நிறுத்தப்பட்டு அழிக்கப்படுகிறது. இந்தக் காவல் ஆணில் மிகக் கடுமையானது. சோடி சேர உதவும் எஸ்.வை.சி.பி.3 என்ற புரதம் இல்லாத ஆண் எலி மலடாகிறது. அதே குறையுள்ள பெண் எலி குட்டி போடுகிறது, ஆனால் அதன் முட்டைகள் சிலவற்றில் நிறமூர்த்தக் கணக்குத் தவறுகிறது. தம்பியின் விதையில் நிகழ்வதும் இத்தகைய தடுப்பாகவே இருக்கக்கூடும். அவருடைய ஆண்மைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்; ஒருமுறை சொன்னால் போதாது, அவர் நம்பும்வரை சொல்லுங்கள்.

பழுதுபட்டால் இத்தகைய தடையை உண்டாக்கும் டெக்ஸ்11 என்ற பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆணுக்கு அது தாயிடமிருந்தே வருகிறது. இதைப் படித்துவிட்டு இனி உங்கள் அம்மாவைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

நிறமூர்த்தப் பரிசோதனையும் வை நிறமூர்த்தத் துண்டிழப்புப் பரிசோதனையும் செய்தாயிற்றா என்று டொக்டரிடம் தம்பியே போய்க் கேட்கட்டும். விற்றமினைப் பற்றிப் படித்தவர் நீங்கள், கடிதம் எழுதியவரும் நீங்கள்; அவர் எங்கே?