நுவரெலியாப் பயணம்: கேள்வி பதில்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர், அந்நகருக்குப் பயணம் செய்ய எண்ணியுள்ளோரின் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை ஆகஸ்டில் வருகிறது. அப்போது வரலாமா, அல்லது ஏப்ரல் வரை காத்திருப்பது நல்லதா?

ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டி மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடைபெறும். அந்த நாட்களில் அறை வாடகை பலமடங்கு உயர்வதுடன், கிரகரி வாவியைச் சுற்றி வாகனங்கள் நகரவே இயலாத நெரிசலும் ஏற்படும் என்பதால், அமைதியை நாடுவோருக்கு அம்மாதத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே சிறந்தது. வானம் தெளிந்திருக்கும், இரவுக் குளிர் கடுமையாக இருக்கும், சில விடியற்காலைகளில் புல்வெளியிலும் உருளைக்கிழங்குப் பாத்திகளிலும் உறைபனி படிந்திருப்பதைக் காணலாம்.

ஆகஸ்ட் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு உரியது என்பதால் தூறலும் மூடுபனியும் இருக்கும். ஆயினும் அந்தக் காற்று சுமந்து வரும் மழையை மலைத்தொடரின் மேற்குச் சரிவே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், ஹக்கலையைக் கடந்து வெலிமடைப் பக்கம் இறங்கினால் அதே நாளில் வெயிலைக் காணலாம். ஆகவே ஆகஸ்டில்தான் வர முடியுமெனில், நுவரெலியாவில் ஓர் இரவும் அந்தக் கிழக்குப் பக்கத்துப் பண்டாரவளையில் ஓர் இரவும் தங்குமாறு திட்டமிடுங்கள்.

கேள்வி (சென்னை): ஊட்டியைப் பார்த்தவர்களுக்கு இங்கே புதிதாக என்ன இருக்கிறது? ரயிலில் நேராக ஊருக்குள் வர முடியுமா?

உயரத்தில் ஊட்டியே மேலானது. அது ஏறத்தாழ 2,240 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். இரண்டும் ஆங்கிலேயர் தமக்கென அமைத்துக்கொண்ட குளிர்வாச நகரங்களே. ஆனால் இங்கே மலைப்பாதையே பயணத்தின் பாதி இன்பம். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் ரயிலில் ஏறி நானுஓயாவில் இறங்க வேண்டும். ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். அங்கிருந்து ஊர் சுமார் 8 கிலோமீட்டர். முன்பு நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை ஒரு சிறு ரயில் ஓடியது. அது நின்றுபோய் நெடுங்காலம் ஆகிவிட்டதால் இன்று பேருந்தோ முச்சக்கர வண்டியோதான் வழி. ஒதுக்கிய இருக்கைகள் மிக விரைவில் தீர்ந்துவிடும். பதிவு தொடங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். கனமழைக்குப் பின் மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு என்பதால், புறப்படும் முன் சேவை நடைபெறுகிறதா என விசாரிப்பது அவசியம்.

கேள்வி (மட்டக்களப்பு): கண்டியிலிருந்து சொந்த வாகனத்தில் வருகிறோம். பாதை எப்படி?

கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக வாருங்கள். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஏறுவதில் சிரமமில்லை, இறங்குவதிலேதான் ஆபத்து. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடியிழக்கும் என்பதால் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். ஹட்டன் பக்கம் செல்வோர், தொலைவு குறைவு என்று எண்ணி ரதெல்ல குறுக்குப் பாதையில் இறங்க வேண்டாம். செங்குத்தான அப்பாதையில் பல விபத்துகள் நிகழ்ந்துள்ளன.

கேள்வி (திருகோணமலை): ஹோர்டன் சமவெளிக்கு நண்பகலில் சென்றோம், அங்குள்ள ‘உலக முடிவு’ எனும் மலை விளிம்பில் வெண்மூட்டத்தைத் தவிர எதையும் காணவில்லை. எங்கே தவறினோம்?

நேரத்தில்தான். அங்கே நிலம் சட்டென முடிந்து ஏறத்தாழ 870 மீட்டர் கீழே விழுகிறது. வெயில் ஏற ஏறக் கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மூட்டமாகிவிடுவதால், பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் காட்சி மறைந்துவிடும். நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கு முன் புறப்பட்டு, வாயில் திறக்கும்போதே உள்ளே நுழையுங்கள். சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர் அளவு. நடைக்கேற்ற சப்பாத்தும் மழையங்கியும் தேவை. பொலித்தீன் பைகளை வாயிலிலேயே வாங்கிவிடுவார்கள். புல்வெளியில் நிற்கும் மரை எனும் பெரிய மான்களுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): கொழுந்து பறிக்கும் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்களா?

கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த மறுக்காமைக்கு ஒரு விலை உண்டு என்பதை நீங்கள் அறிய வேண்டும். பறித்த கொழுந்தின் நிறை குறித்த அளவை எட்டினால்தான் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி விழும், எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். உங்களுக்காக நிற்கும் பத்து நிமிடம் அவர் கூடையிலிருந்தே குறைகிறது. ஆகவே கொழுந்து நிறுத்து முடிந்து ஓய்ந்திருக்கும் வேளையில் பேசுங்கள். லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள் கேமராவுடன் நுழைவது முறையன்று. அவை குடும்பங்கள் வாழும் வீடுகள். கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான இம்மக்களிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை பலர் நாடற்றவர்களாகவே இருந்தனர். தமிழ் பேசும் நீங்கள் அவர்களிடம் உறவினரிடம் கேட்பதுபோல் ஊர்ப்பெயர் கேட்டுப் பேசலாம். பலருக்கு மூதாதையரின் ஊர் இன்னும் நினைவில் இருக்கும்.

கேள்வி (கொழும்பு): தொழிற்சாலையைப் பார்க்க எந்த நேரம் உகந்தது? எந்தத் தேயிலை வாங்கலாம்?

முற்பகலில் செல்லுங்கள். முந்திய நாள் வந்த கொழுந்து இரவு முழுதும் வாடல் தொட்டிகளில் காற்றுப்பட்டு, காலையில் உருட்டும் இயந்திரத்துக்கு வரும்; அப்போது எழும் மணத்துக்காகவே நான் அந்த வேலையை விட மனமின்றி இருந்தேன். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து தேவைப்படும். நுவரெலியாத் தேயிலை வெளிர் நிறமும் மென்மணமும் கொண்டது; வறண்ட குளிர்காற்று வீசும் ஆண்டுத் தொடக்க மாதங்களில் பறித்ததே உயர்ந்தது. பால் தேநீர் விரும்புவோருக்கு அது நீர்த்ததாகத் தோன்றும். அவர்கள் தாழ்நிலத் தேயிலையை வாங்குவதே நன்று. பகட்டான தகரப்பெட்டிக்குப் பணம் கொடுக்காமல், தரப்பெயரும் பொதி செய்த நாளும் அச்சிட்ட சாதாரணப் பொதியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): அங்கே குடித்த சுவை வீட்டில் ஏன் வருவதில்லை?

அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகை நீரை ஊற்றி நெடுநேரம் ஊறவிட்டால் துவர்ப்பு மிகும். கொதித்த நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சீனியைப் பிறகு சேருங்கள்.