பாலிஅமீன்கள் புற்றுநோயை உண்டாக்குமா?

கேள்வி: புற்றுக்கட்டிகளில் பாலிஅமீன்கள் மிகுதியாகக் காணப்படும் என்று படித்தேன். ஆனால் அவற்றுள் ஒன்றான ஸ்பெர்மிடினை ஆயுளைக் கூட்டும் மாத்திரை என்று விற்கிறார்கள். சோயாவிலும் காளானிலும் அது இருக்கிறதாமே, அவற்றைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: சோயாவையும் காளானையும் தாராளமாகச் சாப்பிடலாம். பியூட்ரசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய பாலிஅமீன்களை நம் செல்கள் தாமே தயாரித்துக்கொள்கின்றன. நேர்மின்னேற்றம் கொண்ட இவை, எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏவோடும் ஆர்என்ஏவோடும் பிணைந்து, புரத உற்பத்திக்கும் செல் பிரிதலுக்கும் துணைபுரிகின்றன. இவை இல்லாமல் நம் செல்கள் பெருகா. சிக்கல் இவற்றின் அளவைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு கெடும்போதுதான் தொடங்குகிறது.

அந்த ஏற்பாடு வியப்பானது. பியூட்ரசினை உண்டாக்கும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி, செல்லுக்குள் ஒரு மணி நேரம்கூட நிலைப்பதில்லை. பாலிஅமீன் மிகுந்துவிட்டால், செல்லில் புரதம் தயாரிக்கும் கருவியான ரைபோசோம் ஒரு குறிப்பிட்ட ஆர்என்ஏவைப் படித்துவரும்போது நடுவில் ஓர் எழுத்தைத் தாண்டிப் படிக்கிறது. அப்படித் தாண்டினால்தான் ஆன்டிசைம் என்ற புரதம் முழுமையாக உருவாகும். அது மேற்படி நொதியைப் பற்றிக்கொண்டு, செல்லின் புரதச் சிதைப்புக் கூடமான புரோட்டியாசோமிடம் ஒப்படைத்துவிடுகிறது.

பல புற்றுநோய்களில் மிகையாக இயங்கும் மிக் என்ற மரபணு, இந்த நொதிக்கான மரபணுவை நேரடியாக முடுக்கிவிடுவதால், தடுப்பு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. எலியின் நார்த்திசுச் செல்களில் இந்த நொதியை மட்டும் மிகையாக உண்டாக்கினாலே அவை புற்றுத்தன்மை அடைகின்றன என்று ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 1992இல் காட்டினார்கள். அவை ஏற்கெனவே முடிவின்றிப் பெருகும்படி மாறியிருந்த ஆய்வகச் செல்கள் என்பதால், மனித உடலிலும் இந்த ஒன்றே போதும் என்று முடிவுகட்டிவிட முடியாது.

இந்த நொதியை முடக்கும் எஃப்ளோர்னிதின் என்ற மருந்து, புற்றுநோய் சிகிச்சையில் தனித்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உள்ளே உற்பத்தி நின்றதும், உணவிலிருந்தும் குடல் பாக்டீரியாக்களிடமிருந்தும் வரும் பாலிஅமீனைப் புற்றுச்செல்கள் உறிஞ்சிக்கொண்டன. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு அது 1990இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய்த் துறையில், கட்டிகள் மீண்டும் வராமல் தடுப்பதில்தான் அதற்குப் புது வாய்ப்புக் கிடைத்தது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சுலின்டாக் என்ற மருந்தோடு சேர்த்து அதைக் கொடுத்தபோது, புற்றாக மாறக்கூடிய பெருங்குடல் கட்டிகள் மூன்றாண்டுகளில் சுமார் 12 சதவீதத்தினருக்கே திரும்ப வந்தன. போலி மாத்திரை பெற்றவர்களில் அது 41 சதவீதம். பெரும்பாலும் சிறு குழந்தைகளின் நரம்புத் திசுவில் வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயின் கடுமையான வகை மீளாமல் தடுக்க 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

சாதாரண உணவிலுள்ள பாலிஅமீன், நலமாக இருப்பவருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. செறிவூட்டிய ஸ்பெர்மிடின் மாத்திரை வேறு விஷயம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரும், முன்பு புற்றுநோய் வந்து குணமானவரும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.