அடுத்தவர் மேடையிலிருந்து சொந்தக் குழுவுக்கு: ஜாஸ் பியானோ கேள்வி பதில்

பெரம்பூரில் வளர்ந்தவன் நான். சர்ச், கல்யாண ரிசப்ஷன், கானா மேடை என்று இருபது வருஷம் அடுத்தவர் கச்சேரியில் கீபோர்டு வாசித்தேன். இப்போது நாலு பேர் கொண்ட ஜாஸ் குழு நடத்துகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில். கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் இருக்கும் சென்னைப் பகுதியைப் போட்டிருக்கிறேன்.

ராயபுரம்: அண்ணே, ஆறு வருஷமாக சர்ச்சில் வாசிக்கிறேன். சொந்த பேண்ட் போட எத்தனை வருஷம் சைடுமேனாக இருக்க வேண்டும்?

வருஷக் கணக்கு கிடையாது தம்பி. சைடுமேன் என்றால் அடுத்தவர் பெயரில் நடக்கும் கச்சேரியில் சம்பளத்துக்கு வாசிப்பவர். அங்கிருந்து தலைவராவது மாடிப்படி ஏறுவது போல என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக் தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டது 1962இல். அடுத்த வருஷமே ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சைடுமேனாகச் சேர்ந்து ஐந்து வருஷம் இருந்தார். தலைவர் ஆனபிறகும் போய்க் கற்றுக்கொண்டார். கவுன்ட் பேஸி கதை வேறு. கான்சாஸ் சிட்டியில் பென்னி மோட்டன் குழுவில் பியானோ வாசித்தார். 1935இல் மோட்டன் இறந்துபோக, அங்கே இருந்தவர்கள் சிலரைச் சேர்த்துத் தன் குழுவைக் கட்டினார். நீங்கள் சர்ச்சை விடாதீர்கள். மாதம் ஒருமுறை உங்கள் பெயரில் ஒரு கச்சேரி வையுங்கள், போதும்.

கொளத்தூர்: எந்த கீபோர்டு வாங்கலாம்?

88 கட்டை, அழுத்தினால் கனம் தெரிய வேண்டும். விரல் அதே கட்டையில் இருக்க ஸ்ருதியை மட்டும் மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாதீர்கள். எந்தப் பாட்டையும் ஸி ஸ்கேலிலேயே வாசித்துப் பழகினால், நிஜமான பியானோ முன்னால் உட்காரும் அன்று கை நின்றுவிடும்.

வியாசர்பாடி: பேஸியைக் கேட்டேன். ரெண்டு நோட்டு அடிக்கிறார், சும்மா இருக்கிறார். இதற்கா இவ்வளவு பெயர்?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய பியானோக்காரர்களுக்கு இடது கைதான் தாளம்: கீழே ஒரு நோட்டு, மேலே ஒரு கார்டு (சில நோட்டுகளைச் சேர்த்து அடிப்பது) என்று தாவிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரைட் (stride) என்பார்கள். பேஸி அதை நன்றாக வாசிப்பார். நியூயார்க்கின் ஹார்லெமில் ஃபேட்ஸ் வாலரிடம் ஆர்கன் கற்றவர் அவர். ஆனால் அவர் குழுவில் வால்டர் பேஜ் பேஸ் (கீழ் ஸ்வரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்து, தாளத்தின் நாலு அடிக்கும் ஒரு நோட்டு என்று நடப்பார், ஃப்ரெடி கிரீன் கிட்டாரில் நாலு அடியும் போடுவார், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ். தாளத்தை மூன்று பேர் சுமக்கும்போது பியானோவும் அதையே சுமந்தால் நெரிசல். அதனால் கையை எடுத்துவிட்டார். அவர் அடிக்கும் அந்த ரெண்டு நோட்டு எங்கே விழுகிறது என்று கேளுங்கள்.

மறுபடி வியாசர்பாடி: அப்போ ஆஸ்கர் பீட்டர்சன் பியானோவில் நோட்டுகளை மழையாகக் கொட்டுகிறாரே, அவர் தப்பா?

தப்பு இல்லை. இருவரும் சேர்ந்தே 1970களில் ரெக்கார்டு செய்திருக்கிறார்கள், சண்டையே இல்லை. பீட்டர்சனின் மழையிலும் மூச்சு விடும் இடம் உண்டு.

காசிமேடு: அண்ணே, இது அமெரிக்காவுக்குச் சரி. கானா மேடையில் கேப் விட்டால் கரண்ட் போயிடுச்சான்னு கேட்பாங்க!

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எனக்கு இந்தப் பாடமே கானா மேடையில்தான் கிடைத்தது. பாடகர் வரியை இழுத்து நிறுத்தும் இடத்தில் எல்லாம் நான் ஒரு ஓட்டம் ஓட்டினேன். மூன்றாவது பாட்டில் அவர் பக்கத்தில் வந்து, பாடிக்கொண்டே என் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக் கட்டையிலிருந்து தூக்கிவிட்டார். அந்த இடைவெளியில் ஜனம் வரியைத் திருப்பிப் பாடியது. அதுவரை அவர்கள் பாடிக்கொண்டிருந்ததே என் காதில் விழவில்லை.

வியாசர்பாடி, காசிமேடு இருவரும்: கானாவும் ஜாஸும் ஒன்றா?

ஒன்று இல்லை. ஜாஸில் கார்டு வரிசை சுற்றிச் சுற்றி வரும், அதன்மேல் கற்பனை. கானாவில் சொல்லும் தாளமும்தான் ஓட்டும். மேடையிலேயே புதிதாகப் பிறப்பதும், ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்வதும் இரண்டிலும் உண்டு. இதோடு இந்த விஷயத்தை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

எண்ணூர்: தலைவருக்கு எவ்வளவு பங்கு?

முதலில் மற்றவர்களுக்கு, மேடையிலிருந்து இறங்கிய அன்றே. உங்கள் பங்கு கடைசி. கச்சேரிப் பணம் பேசும்போதே வண்டி வாடகையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

திருவொற்றியூர்: எந்த கீபோர்டு வாங்கலாம்?

மேலே பாருங்கள். பட்டன் விஷயத்தையும் சேர்த்து.

தண்டையார்பேட்டை: மைக்கில் ஒரே இரைச்சல்...

சவுண்ட்காரரிடம் கேளுங்கள்.

புது வண்ணாரப்பேட்டை: அண்ணா, குழு ஆரம்பித்து ஒரு வருஷம். பேஸ் வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டார். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. பியானோக்காரர் பில் எவன்ஸ் 1959இல் மைல்ஸோடு ரெக்கார்டு செய்தபின் தன் மூவர் குழுவைக் கட்டினார். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்டு என்ற ஜாஸ் கிளப்பில் அவர்கள் வாசித்ததை இன்றும் கேட்கிறோம். அதற்குப் பதினோராம் நாள், அந்தக் குழுவில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை. பிறகு சக் இஸ்ரேல்ஸைச் சேர்த்து மறுபடி ஆரம்பித்தார். நீங்களும் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆள் வந்ததும் பழையவரின் ரெக்கார்டிங்கைக் கொடுத்து "இப்படி வாசி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் பேஸ் எப்படி நடக்கிறது என்று ரெண்டு ரிகர்சல் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். அப்புறம் கட்டையில் கை வையுங்கள்.