சானி கணவாய்க்குத் தங்கை மகனை அழைத்துப் போக என்னென்ன பேப்பர் வேண்டும்?

கேள்வி: பெரிய வெள்ளியன்று ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, மறுநாள் டர்பனிலிருந்து சானி கணவாய்க்குக் குடும்பமாகப் போகிறோம். நான், கணவர், எங்கள் இரண்டு பிள்ளைகள், கூடவே 9 வயதுத் தங்கை மகன். தங்கை வரவில்லை. அவள் விவாகரத்து ஆனவள். பையனின் அப்பா கேப் டவுனில் இருக்கிறார். பையன் தங்கையிடம்தான் வளர வேண்டும் என்று கோர்ட் ஆர்டர் இருக்கிறது. 1,500 ராண்ட் கொடுத்தால் ‘எல்லா அனுமதிப் பேப்பரும்’ வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? - வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா.

மலை உச்சியில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவதற்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று பலர் நினைக்கிறார்கள். 2,876 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த உச்சி லெசோத்தோ நாடு. கீழே நம் தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடி, மேலே அவர்களுடையது. ஆகவே ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். உங்கள் பிள்ளைகள் இருவரும் பெற்றோரோடு வருவதால், பாஸ்போர்ட்டோடு பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டால் போதும்.

தங்கை மகன் விஷயம்தான் சிக்கல். அவனுக்குத் தாய், தகப்பன் இருவரும் சத்தியக் கடிதம் தர வேண்டும். அதாவது அஃபிடவிட். கூடவே இருவருடைய அடையாள அட்டை நகல், தொடர்பு எண், பையனின் முழுப் பிறப்புச் சான்றிதழ்.

‘பையன் எங்களிடம்தானே இருக்கிறான், கோர்ட்டே சொல்லிவிட்டதே’ என்பீர்கள். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது வேறு, யார் சட்டப்படி காப்பாளர் என்பது வேறு. 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, பிள்ளை நாட்டைவிட்டு வெளியே போகக் காப்பாளர்கள் அனைவரின் சம்மதமும் தேவை. விவாகரத்தான தகப்பனும் பெரும்பாலும் காப்பாளர்தான். தங்கையின் ஆர்டரை எடுத்து வாசித்துப் பாருங்கள். தாய் ஒருவரே காப்பாளர் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் அந்த ஆர்டரின் நகலே போதும், தகப்பனிடம் போக வேண்டாம். பையன் தாயோடு வசிக்க வேண்டும், மாதம் இத்தனை நாள் தகப்பன் பார்க்கலாம் என்று மட்டும் இருந்தால், அது போதாது. ஜீவனாம்சம் கட்டாதவர், வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர் என்பதாலும் அது மாறாது. அவர் கையெழுத்து வேண்டும். மறுத்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அது ஈஸ்டருக்குள் முடிகிற காரியமல்ல.

நல்லபடியாகக் கேட்டால் பலர் போட்டுத் தருவார்கள். அவர் டர்பனுக்கு வரத் தேவையில்லை. கேப் டவுனில் எந்தப் போலீஸ் நிலையத்திலும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி, அசலைக் கூரியரில் அனுப்பட்டும். போலீஸ் நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது. உங்கள் ஏஜென்ட் விற்கப் பார்ப்பது அந்த இலவச முத்திரையைத்தான்! மோசமான ஆட்கள் தகப்பன் கையெழுத்தைத் தாங்களே போட்டுவிடுவார்கள். அது பொய்ச் சத்தியம், மாட்டப்போவது அழைத்துப் போகிற நீங்கள். கடிதத்தில் பயணத் தேதி, லெசோத்தோ, உங்கள் பெயர் மூன்றும் இருக்கட்டும்.

பையனிடம் இருப்பது பெற்றோர் இருவர் பெயரும் இல்லாத சுருக்கச் சான்றிதழ் என்றால் இன்றே உள்துறை அலுவலகத்துக்குப் போங்கள். வரிசையில் நின்று கவுண்டரை நெருங்கும்போது ‘சிஸ்டம் ஆஃப்லைன்’ என்பார்கள். 2013 மார்ச் முதல் பிறப்பைப் பதியும்போதே முழுச் சான்றிதழ் தருகிறார்கள். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் பெற்றோரை இன்னும் அலைய விடுகிறார்கள். உங்கள் பையனுக்கு 9 வயது என்பதால் பெரும்பாலும் முழுச் சான்றிதழே இருக்கும். வீட்டுப் பெட்டியில் முதலில் தேடுங்கள்.

வண்டி நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-பை-ஃபோர் இல்லையென்றால் கீழ்ச் சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். மலைக்குக் கீழே உள்ள அண்டர்பெர்க் ஊரில் வண்டியோடு கூட்டிப் போகிற டூர்காரர்கள் இருக்கிறார்கள். பாங்கிக் கடன் வண்டிக்கு பாங்கியின் கடிதமும் வேண்டும். மாலை 6 மணிக்கு எல்லை மூடிவிடும். இலையுதிர் காலத்தில் மேலே குளிர் கடுமை, பிள்ளைகளுக்கு ஜாக்கெட் மறக்காதீர்கள்.

தகப்பன் கையெழுத்து வந்து சேராவிட்டால் சானியை விட்டுவிட்டு ஹோவிக் அருவிக்குப் போங்கள். 95 மீட்டர் அருவி, N3 சாலையிலிருந்து பக்கம்தான், எந்தப் பேப்பரும் வேண்டாம்.